ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ‘மேக்’ வேட்டை!

மெட்ரோவில் வந்தா அரசினர் தோட்டம் ஸ்டேஷன். பறக்கும் ரயில்னா சிந்தாதிரிப்பேட்டை. எதுல இறங்கினாலும் பொடிநடைதான். அண்ணா சாலையோட இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினா, அதைவிடப் பெரிய இரைச்சல் ஒண்ணு காத்திருக்கும். அதுதான் ரிச்சி ஸ்ட்ரீட்!

பேர்தான் ஒரு தெரு. ஆனா நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு சுத்துவட்டாரம் மொத்தமும் சேர்ந்ததுதான் நம்மாளுங்க சொல்ற ரிச்சி ஸ்ட்ரீட். சால்டரிங் அயர்ன்லேர்ந்து சிசிடிவி கேமரா வரைக்கும் தலைக்கு மேல தொங்கும். ‘சிப் லெவல் சர்வீஸ்’ போர்டு பத்தடிக்கு ஒண்ணு. நடுவுல பெட்டி அடுக்கின தள்ளுவண்டி, அதை ஓவர்டேக் பண்ணப் பார்க்கும் பைக், இது எதையும் கண்டுக்காம கையில டீ கிளாஸோட பேரம் பேசும் அண்ணன்கள். பழைய லேப்டாப் வாங்கவும், செத்துப்போன லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கவும் வர்ற காலேஜ் கூட்டம் இங்கே எப்பவும் உண்டு.

அந்தக் கூட்டத்தோட ஒரு வெள்ளிக்கிழமை நாங்களும் கலந்தோம். நோக்கம் கொஞ்சம் விவகாரமானது. ஆப்பிள் கம்பெனி தயாரிக்காத ஒரு லேப்டாப்பில், ஆப்பிளோட மேக் ஓஎஸ்ஸை ஓட வைக்கணும். இந்த வித்தைக்கு உலகம் வெச்ச பேரு ‘ஹேக்கின்டாஷ்’.

எதுக்கு இந்த வேலை?

ஃபைனல் இயர் நண்பன் ஒருத்தன். அஞ்சு பேர் டீம். ப்ராஜெக்ட், ஒரு ஐபோன் ஆப். டீம்ல ஒருத்தன்கிட்ட ஐபோன் இருக்கு. யார்கிட்டயும் மேக் இல்ல. ஐபோன் ஆப் எழுதுற ‘எக்ஸ்கோட்’ சாஃப்ட்வேர் மேக் ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். ரிவ்யூவுக்கு மூணு வாரம். கையில இருந்தது அக்கா வேலைக்குப் போய் வாங்கி, அப்புறம் தம்பிக்குத் தள்ளிவிட்ட 8-ம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப். பாக்கெட்டில் மூவாயிரம் ரூபாய். 2024-ல் எம்4 மேக் மினி வந்தப்போ இந்தியாவில் அதோட ஆரம்ப விலை 59,900, ஸ்டூடன்ட்களுக்கு 49,900. அதுவும் மானிட்டர், கீபோர்டு இல்லாம!

ஒரு வேடிக்கை பாருங்க. இதே சென்னைக்குப் பக்கத்துல ஸ்ரீபெரும்புதூரில் 2019-லேர்ந்து ஐபோன் அசெம்பிள் ஆகுது. போன் நம்ம ஊர்ல பிறக்குது, அதுக்கு ஒரு ஆப் எழுதத்தான் நம்ம பையன் தெருத்தெருவா அலையறான்.

இது எப்படி முடியுது?

2005 ஜூன்ல ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு அறிவிப்பு விட்டார். ‘இனிமே மேக்குக்குள்ளயும் இன்டெல் ப்ராஸசர்தான்’ என்று. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வந்தது. அப்போ மேக்கும், நம்ம சாதா லேப்டாப்பும் உள்ளுக்குள்ள பங்காளிங்க ஆயிட்டாங்க. ‘ரெண்டு வீட்லயும் ஒரே அடுப்புன்னா, அங்க வேகுற சோறு இங்க வேகாதா?’ன்னு உலகம் பூரா ஆளுங்க கிளம்பினதுதான் ஹேக்கின்டாஷ் கதை.

வேகும். ஆனா சும்மா வேகாது. மேக் ஓஎஸ்ஸுக்குத் தன் வீட்டுப் பாத்திரங்களை மட்டும்தான் தெரியும். ஆப்பிள் எந்தெந்த பார்ட்ஸ் போட்டு மேக் செஞ்சதோ, அதுக்கு மட்டுமே ட்ரைவர். அதனால ‘ஓப்பன்கோர்’னு ஒரு பூட்லோடர் முன்னாடி நின்னு, ‘இது 2018 மேக்புக் ப்ரோதான் சார், உள்ள வாங்க’ன்னு மேக் ஓஎஸ்ஸை நம்ப வைக்கும். மிச்சமிருக்கிற வித்தியாசங்களை ‘கெக்ஸ்ட்’ எனப்படும் குட்டி ட்ரைவர்கள் சமாளிக்கும். அவையும் சமாளிக்க முடியாத பார்ட்ஸுக்குத்தான் ரிச்சி ஸ்ட்ரீட்!

கையில லிஸ்ட், காலில் செருப்பு

இந்த யாத்திரைக்கு வீட்டிலேயே ஒரு ஹோம்வொர்க் உண்டு. விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ப்ராஸசர், கிராஃபிக்ஸ், வைஃபை, ஆடியோ, டச்பேட், எஸ்எஸ்டி ஆறுக்கும் மாடல் நம்பரை எழுதிக்கணும். பிறகு ஒவ்வொண்ணுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இது ஸ்லாட்டில் செருகினதா, இல்ல போர்டோட சால்டர் பண்ணினதா? செருகினது சரியில்லைன்னா மாத்தலாம். சால்டர் பண்ணினது சரியில்லைன்னா, வர்ற பஸ்ஸிலேயே திரும்பிப் போயிடலாம்.

இதுல முதல் ஆளு கிராஃபிக்ஸ். லேப்டாப்பில் அது மாத்தவே முடியாதது. இன்டெல்லின் 10-ம் தலைமுறை வரைக்கும் வர்ற பெரும்பாலான உள்கிராஃபிக்ஸுக்கு மேக்கில் ட்ரைவர் உண்டு. 11-ம் தலைமுறையின் ‘ஐரிஸ் எக்ஸ்இ’யிலிருந்து கிடையாது, அந்த இன்டெல்லை ஆப்பிள் மேக்கில் போடவே இல்லை. அதனால இந்த விஷயத்துல உங்க புது லேப்டாப்பைவிட அக்காவோட பழைய லேப்டாப்புக்குத்தான் மவுசு ஜாஸ்தி! அப்புறம், ‘கேமிங் லேப்டாப் மச்சி’ன்னு பீத்திக்கிட்டு வாங்கின தனி என்விடியா சிப்பும் இங்கே பெரும்பாலும் வெட்டித் தண்டம். அதைத் தூங்க வெச்சிட்டு இன்டெல் கிராஃபிக்ஸில்தான் ஓட்டணும். இல்லைன்னா சும்மா உட்கார்ந்து பேட்டரியைத் தின்னும்.

நண்பனோட லிஸ்ட்டில் கிராஃபிக்ஸ் பாஸ். எஸ்எஸ்டியும் பாஸ். (பழைய லேப்டாப்பிலிருந்து கழட்டி விற்கிற சாம்சங் பிஎம்981 போன்ற சில என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்கும் மேக்குக்கும் ஏழாம் பொருத்தம். விலை குறைச்சலா கிடைச்சாலும் கை வைக்காதீங்க.) ஃபெயில் ஆனது வைஃபை. உள்ளே இருந்தது குவால்காம் கார்டு. மேக்குக்கு அது யாருன்னே தெரியாது.

ஐந்நூறு ரூபாய் கார்டு

மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் ரோட்டில்தான் நிக்கணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கட்டைவிரல் அளவு கார்டுகள், அரிசி மாதிரி குவிஞ்சு கிடக்கு.

“அண்ணே, எம்.2 வைஃபை கார்டு இருக்கா?”

“எதுக்கு தம்பி? விண்டோஸா, ஹேக்கின்டாஷா?”

ஆடிப் போயிட்டோம். ‘நீங்க எத்தனாவது பேட்ச்?’ங்கிற மாதிரி சிரிச்சார். அஞ்சாறு வருஷம் முன்னாடி ஸ்டூடன்ட்ஸ் ‘பிராட்காம் இருக்கா, பிராட்காம் இருக்கா’ன்னு வரிசையில வந்து கேட்பாங்களாம். ஆப்பிள் தன் மேக்கில் போட்டதும் பிராட்காம்தான் என்பதால் அப்போ அதுக்கு அவ்வளவு கிராக்கி. 2023-ல் வந்த சோனோமாவில் அந்தப் பழைய பிராட்காம் கார்டுகளுக்கான ட்ரைவரை ஆப்பிளே தூக்கிடுச்சு. இப்போ சுலபமான வழி இன்டெல் கார்டு. ‘ஐடிஎல்டபிள்யூஎம்’ என்ற கெக்ஸ்ட் போட்டா ஓடும். ஆனா ‘ஏர்டிராப்’ மட்டும் வேலை செய்யாது.

அவர் ரெண்டு கார்டை எடுத்து வெச்சார். பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஒண்ணு 8265, இன்னொண்ணு 9560. “புது நம்பர்தானே பெஸ்ட்”னு நண்பன் ரெண்டாவதை எடுக்கப் போனான். அண்ணன் கையைப் பிடிச்சு நிறுத்தினார். 9560-ல் இருக்கிறது பாதி வைஃபைதான். மீதிப் பாதி லேப்டாப்போட சிப்செட்டுக்குள்ள இருக்கும். அந்த ஏற்பாடு உள்ள லேப்டாப்பில் மட்டும்தான் அது உயிரோட இருக்கும். 8265 முழு ஆள், தனியா நிக்கும்.

எண்ணூறு சொன்னார். ஐந்நூறுக்கு இறங்கினார். “டெஸ்டிங் வாரண்டிதான் தம்பி. இங்கேயே போட்டுப் பார்த்துக்க.” இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கோங்க. கடையில வேலை செஞ்சா உங்களோடது. தெருமுனை தாண்டினா கடைக்காரர் பொறுப்பில்ல. அதனால லேப்டாப்பைத் தூக்கிட்டே போங்க. முக்கியமா, சில பழைய பிசினஸ் லேப்டாப்களில் பயாஸுக்குள்ள ஒரு ‘ஒயிட்லிஸ்ட்’ இருக்கும். அந்த லிஸ்ட்ல இல்லாத வைஃபை கார்டைப் போட்டா மெஷின் பூட்டே ஆகாது. அது கடையிலேயே தெரிஞ்சா ஐந்நூறு மிச்சம்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு 8 ஜிபி ரேம், 32 ஜிபி பென்டிரைவ், இன்ஸ்டால் நேரத்தில் இன்டர்நெட் கொடுக்க ரியல்டெக் 8153 சிப் போட்ட யுஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர். மூவாயிரத்தில் பஸ்ஸுக்கும் பரோட்டாவுக்கும் மட்டும் மிச்சம்!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் சிவராத்திரி

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் திருவல்லிக்கேணி. நண்பனோட சீனியர் தங்கியிருக்கிற மேன்ஷன் ரூம். மூணு கட்டில், ஒரு ஃபேன். வேலை ஆரம்பம்.

விண்டோஸில் இருந்த எல்லாத்தையும் முதல்ல இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தாச்சு. அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்! இதைச் செய்யாம யாரும் இந்த வேலையில் இறங்காதீங்க.

முதல் சோதனை: இன்ஸ்டாலர் வந்துச்சு, ஆனா டிஸ்க்கே தெரியல. காரணம், பயாஸில் ஸ்டோரேஜ் ‘ரெய்டு’ என்று இருந்தது. அதை ‘ஏஹெச்சிஐ’ன்னு மாத்தினதும் டிஸ்க் எட்டிப் பார்த்தது. (விண்டோஸையும் கூடவே வெச்சிருக்கிறவங்க யோசிக்காம மாத்தினா விண்டோஸ் படுத்துக்கும், ஜாக்கிரதை.)

ரெண்டாவது: ஆப்பிள் லோகோ வந்து, பாதிக் கோட்டில் ஸ்க்ரீன் கறுப்பு. இங்கேதான் ‘வெர்போஸ் மோட்’ கைகொடுக்கும். லோகோவுக்குப் பதில் கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடும். ஓட்டம் எந்த வரியில் நிக்குதோ அதுக்கு முன்னே பின்னேதான் குற்றவாளி. நம்ம விஷயத்தில் கிராஃபிக்ஸ் மெமரி. மேக் தொடக்கத்திலேயே கொஞ்சம் பெரிய துண்டா கேட்குது; பயாஸ் 32 எம்பிதான் ஒதுக்கி வெச்சிருக்கு, அதை மாத்துற ஆப்ஷனையும் ஒளிச்சு வெச்சிருக்கு. ‘வாட்டெவர்கிரீன்’ கெக்ஸ்ட்டில் ஒரு பேட்ச் போட்டு, ‘கொடுக்கிறதை வெச்சு குடும்பம் நடத்து’ன்னு சொன்னதும் படம் வந்துச்சு. மணி ரெண்டு. மூணு பேரும் போட்ட கத்தலில் அடுத்த ரூம் ஆள் கதவைத் தட்டிட்டார்.

டச்பேட் ‘வூடூஐ2சி’ போட்டதும் சரி. அதுவரைக்கும் யுஎஸ்பி மவுஸ்தான் கதி. பேட்டரி சதவீதம் காட்டலை. லேப்டாப்போட கன்ட்ரோலர் சொல்ற பெரிய எண்களை மேக் ஒரே மூச்சில் படிக்காது, ஒவ்வொரு பைட்டாப் பிரிச்சுக் கொடுக்க ஒரு கெக்ஸ்ட். ஆடியோ கதைதான் நீளம். ‘ஆப்பிள்ஏஎல்சி’யில் ஒவ்வொரு சவுண்டு சிப்புக்கும் பல ‘லேஅவுட்’ நம்பர். ஒண்ணு போடு, ரீஸ்டார்ட் பண்ணு, பாட்டு போடு, ம்ஹூம், அடுத்த நம்பர். விடியற்காலை பால்காரர் சைக்கிள் மணி கேட்டப்போதான் லேப்டாப்பிலும் சத்தம் கேட்டது.

வைஃபை? அந்த ஐந்நூறு ரூபாய் கார்டு முதல் தடவையிலேயே நெட் பிடிச்சது. என்ன, மேக் அதை வைஃபைன்னே நினைக்கல. ஏதோ ஈத்தர்நெட் கேபிள்னு நம்பிக்கிட்டு இருக்கு. நமக்கென்ன போச்சு! கைரேகை சென்சார் மட்டும் கடைசி வரைக்கும் வரல. மூடி வெச்சா தூங்குது. சில நேரம் எழுந்திரிக்க மாட்டேங்குது.

எக்ஸ்கோட் ஓடிச்சு. சும்மா கிடைக்கிற ஆப்பிள் ஐடியை வெச்சே ஆப்பை நண்பனோட டீம் ஐபோனில் ஏத்தினாங்க. அப்படி ஏத்தினது ஏழு நாள்தான் உயிரோட இருக்கும், மறுபடி ஏத்தணும். ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி ஏத்திட்டுப் போனாங்க, பாஸ்!

இந்தத் தெருவுக்கு முடிவு உண்டு

ரெண்டு விஷயத்தை மறைக்காம சொல்லணும். ஒண்ணு, சட்டம். மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும்தான் போடலாம்னு அதோட லைசென்ஸே சொல்லுது. இப்படிக் கம்ப்யூட்டர் செஞ்சு 2008-ல் கடை விரிச்ச ‘சைஸ்டார்’ என்ற அமெரிக்க கம்பெனி மேல ஆப்பிள் கேஸ் போட்டு, 2009-ல் ஜெயிச்சது. வீட்டில் கத்துக்கிறதுக்காகச் செய்றவங்களும் அந்த லைசென்ஸுக்கு வெளியேதான் நிக்கறாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டே முடிவெடுங்க. ‘மேக் போட்ட லேப்டாப்’னு யாராவது வித்தா வாங்காதீங்க, நீங்களும் விக்காதீங்க.

ரெண்டாவது, காலம். 2020-லேர்ந்து ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறிடுச்சு. இன்டெல் மேக்குகளுக்கு 2025-ல் வந்த ‘டஹோ’தான் கடைசிப் பதிப்புன்னு அந்த வருஷ ஜூன்லயே அறிவிச்சாச்சு. அதுலயும் நாலே நாலு இன்டெல் மாடல்தான்; நாங்க வேஷம் போட்ட 2018 மேக்புக் ப்ரோ அந்த லிஸ்ட்லயே இல்ல. நாங்க போட்டது 2024-ன் ‘செகோயா’. ஆப் ஸ்டோரோ வருஷா வருஷம் புது எக்ஸ்கோட் கேட்கும். புது எக்ஸ்கோட் புது மேக் ஓஎஸ் கேட்கும். பங்காளிங்க பாகம் பிரிச்சாச்சு, பாஸ். இந்த அடுப்பு இன்னும் கொஞ்ச நாள்தான்.

அதனால ஐபோன் ஆப்தான் உங்க வாழ்க்கைன்னு முடிவு பண்ணினவங்க ஹேக்கின்டாஷுக்குன்னு தனியா ஒரு லேப்டாப் வாங்காதீங்க. ‘ஸ்விஃப்ட்’ மொழி 2015-லேர்ந்து ஓப்பன் சோர்ஸ், விண்டோஸிலேயே கத்துக்கலாம். வீட்டில் ஐபேட் இருந்தா ‘ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ்’ போதும், 2021-லேர்ந்து அதிலிருந்தே ஆப் ஸ்டோருக்கு அனுப்பலாம். கோடு எல்லாருக்கும் தெரியற மாதிரி பப்ளிக்கா வெச்சிருந்தா, ‘கிட்ஹப்’ தன் மேக்கிலேயே இலவசமா பில்டு பண்ணித் தருது. அஞ்சு பேர் டீம்னா, அந்த 2024 ஸ்டூடன்ட் விலைக்கு ஆளுக்குப் பத்தாயிரம். ஒரு மேக் மினி!

சும்மா கிடக்கிற பழைய இன்டெல் லேப்டாப் வீட்டில் இருக்கா? கத்துக்கணும்கிற ஆசை இருக்கா? அப்ப ஒரு தடவை போயிட்டு வாங்க. நாலு வருஷம் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரை மனப்பாடம் பண்ணி எழுதின நண்பன், ஏஹெச்சிஐன்னா என்னன்னு புரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு ராத்திரியில்தான். ப்ராஜெக்ட் வைவாவில் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னான். ஹார்டுவேர் கேள்விக்கு மட்டும் கேட்காததுக்கும் சேர்த்துச் சொன்னான்!

போறவங்க கவனத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் லீவு. வார நாளில், காலை கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடுங்க. கையில லேப்டாப், சார்ஜர், ஆறு மாடல் நம்பர் எழுதின சீட்டு. பேரம் பேச ஒரு வாய் உள்ள ஃப்ரெண்டையும் கூட்டிட்டுப் போக மறக்காதீங்க!