நான் ஒட்டிய மூக்கு

அரையாண்டுப் பரீட்சை விடுமுறைக்குக் குழந்தைகள் வந்தால் எங்கள் அச்சரப்பாக்கம் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் அதுதானே நடக்கிறது! முதல் நாள் "பாட்டி, பாட்டி" என்று காலைக் கட்டிக்கொள்ளும். இரண்டாம் நாள் கொய்யா மரத்தில் ஏறும். மூன்றாம் நாள், "போர் அடிக்குது பாட்டி" என்று என் செல்போனைத் தேடும்.

இதை எதிர்பார்த்தே என் மகள் சென்ற மார்கழியில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள். குளிர்காலப் பிராணிகளைக் காகிதத்தில் செய்வது எப்படி என்று சொல்லும் வண்ணப் புத்தகம். பனிக்கரடி, பெங்குவின், கலைமான், கழுத்தில் மப்ளர் சுற்றிய ஆந்தை எல்லாம் இருந்தன. பேரனுக்கு ஒன்பது வயது. பேத்திக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பழைய காலண்டர் அட்டையில் பெங்குவின் செய்தோம். தலை கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி அமைந்துவிட்டாலும் பெங்குவின் பெங்குவின்தான். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்துப் பனியாக ஒட்டினோம்.

அப்போதுதான் சின்னவள் கேட்டாள்: "பாட்டி, பெங்குவின் நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

"அது வராதடி கண்ணு. தெற்கே எங்கேயோ இருக்கிறது."

"அப்ப குளிர் காலத்துல நம்ம ஊருக்கு யார்தான் வருவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மதுராந்தகம் வழியாகப் போனால் முக்கால் மணி நேரத்தில் வேடந்தாங்கல். நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து கார்த்திகை, மார்கழியில் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறவைகள் போகின்றன. வடாம் காயப்போடும்போது அவை எச்சமிட்டுவிடப் போகின்றனவே என்று கவலைப்பட்டதைத் தவிர, நான் அவற்றை நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை!

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே புறப்பட்டாலும் முதலில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவோம். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை நினைக்க மறந்ததால் தேரின் அச்சு இற்றுப்போன ஊராயிற்றே! அச்சிறுபாக்கம் என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். சிவன் தேருக்கே அந்தக் கதி என்றால், எங்கள் தெருமுனை ஆட்டோ எம்மாத்திரம்?

வேடந்தாங்கல் ஏரி பெரிய ஏரி அல்ல. சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் அதன் சரித்திரம் பெரிது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1790களின் இறுதியில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதை சொல்வார்களே, ஏரிக்கரையில் வில்லேந்தி நின்ற ராம லட்சுமணர்களைக் கண்டாராமே ஒரு துரை, அதே பிளேஸ் துரைதான்! 1858ல் அந்த உரிமை மறுபடியும் உறுதியாயிற்று. 1936ல் சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றது. 2022ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளுக்கு ஏற்பட்ட பட்டியல் அது.

ஊர் ஜனங்கள் வெறும் இரக்கத்தினால் மட்டும் இதைச் செய்யவில்லை. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. நெல்லுக்குச் செலவில்லாத உரம்! நம் இல்லத்தரசிகள் போலவே கணக்குத் தெரிந்தவர்கள்.

பறவைகள் அனைத்துமே வெளிநாட்டிலிருந்து வருகின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவைதான் மத்திய ஆசியா, சைபீரியா என்று தொலைதூரத்துச் சீமைகளிலிருந்து குளிருக்குப் பயந்து வருகிறவை. கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் நம் நாட்டுக்காரர்களே. ஏரியில் தண்ணீர் நிறைந்ததும், பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது போல, கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வருகின்றன. தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் முழுவதும் கூடு. அந்தக் கூச்சல் இருக்கிறதே, கல்யாண வீட்டுப் பந்தி கெட்டது போங்கள்!

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் நல்ல கனமான அட்டை. பறவையின் உடம்புக்கு அதைவிட உசத்தியானது கிடையாது. அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பு முதுகுப் பக்கம் வரும்படி வெட்டினால் பறவை தானே நிற்கும். நெட்டைக்கால் பறவைகளுக்கு ஈர்க்குச்சியைக் காலாக்கி, களிமண் உருண்டையில் குத்திவிட வேண்டும். கூழைக்கடாவின் தாடைப்பைக்குத் தபால் உறையின் மூலையை வெட்டி ஒட்டினால் போதும். உள்ளே குட்டிக் காகித மீன்களைப் போட்டு எடுக்கலாம். கரண்டிவாயனுக்கு அலகு செய்ய ஐஸ்கிரீமுடன் தரும் மரக்கரண்டி இருக்கவே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் என் பேரன். அதற்காக இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டியதாயிற்று. நீர்க்காகத்தைச் சிறகை விரித்தபடி செய்யுங்கள். அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும். அதனால் மீன் பிடித்தபின் வெயிலில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொள்கிறது.

நாலு வயதுக் குழந்தையிடம் கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள். கையாலேயே கிழிக்கட்டும், கிழித்த ஓரம் இறகு மாதிரியே அழகாக இருக்கும். பசையையும் வீட்டிலேயே காய்ச்சுங்கள். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால் ஐந்து நிமிஷ வேலை. கெடாமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், விரலைச் சப்பும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் புளித்தால் புளித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

சின்னவள் மற்றப் பறவைகளை விட்டுவிட்டு நத்தை குத்தி நாரைதான் செய்வேன் என்றாள். ஒரு மத்தியானம் முழுவதும் முற்றத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு செய்தாள். வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு, இரண்டு கால்களில் ஒன்று குட்டை. மூக்குக்கு இரண்டு துண்டுகள் வெட்டி ஒட்டியிருந்தாள். அடியிலும் நுனியிலும் ஒட்டியிருந்தன; நடுவில் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

'பாவம், பசை பிடிக்கவில்லை' என்று நினைத்தேன். இரவு குழந்தைகள் தூங்கியபின் நடுவில் பசை தடவி, அழுத்தி, பாரத்துக்கு அரிசிப் படியை எடுத்து வைத்தேன். அதோடு விட்டேனா? குட்டைக் காலை எடுத்துவிட்டு வேறு ஈர்க்கு வைத்தேன். காலையில் அந்த நாரை கடையில் வாங்கியது போல ஜம்மென்று நின்றது. எனக்கு ஏகப் பெருமை!

சின்னவள் எழுந்து வந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நாரையை எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"என்னடி கண்ணு, பாட்டி சரி பண்ணியிருக்கேன், பார்க்கலையா?"

"அது பாட்டி செஞ்சது. என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப்பின் அவள் காகிதத்தையே தொடவில்லை. மூன்று நாள் கழித்துச் சென்னைக்குக் கிளம்பியபோது தலைபெருத்த பெங்குவினை எடுத்துக்கொண்டாள், நாரையை எடுத்துக்கொள்ளவில்லை. போனில் பேசினால், "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூலுக்குப் போனியா?" "ம்." இவ்வளவுதான்! ஐந்து வயதில் இத்தனை ரோஷமா என்று எனக்குக் கோபம் கூட வந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இரவெல்லாம் கண் விழித்து நான் செய்து கொடுத்த பொம்மைகளை என் பிள்ளைகள் சந்தோஷமாகத்தானே எடுத்துப் போனார்கள், பரிசு கூட வாங்கினார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பரிசுகள் எங்கே என்று தேடிப் பார்த்தபோது, அத்தனையும் என் பீரோவில்தான் இருந்தன. பிள்ளைகள் ஒருவரும் கேட்டு எடுத்துப் போகவில்லை.

பொங்கலுக்கு மறுபடியும் வந்தார்கள். காணும் பொங்கலன்று வேடந்தாங்கலில் கூட்டம் தாங்காது. ஆகையால் போகிக்கு முதல் நாளே போய்விட்டோம். இந்தத் தடவை எதிர்வீட்டுக்காரரின் பைனாகுலரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோபுரத்தின் மேல் ஏறி நின்று, மூக்குக்கண்ணாடிக்கு மேல் அதையும் வைத்துக்கொண்டு நான் தடுமாறுவதைப் பார்த்து, அங்கிருந்த வனத்துறை ஊழியர் திருகிச் சரி செய்து கொடுத்தார்.

"அந்த மரத்து உச்சியில பாருங்கம்மா, நத்தை குத்தி நாரை. மூக்கை நல்லா கவனிங்க. நடுவுல சந்து தெரியுதா?"

தெரிந்தது. அலகின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் அடியில் சேர்ந்து, நுனியில் சேர்ந்து, நடுவில் சேராமல் இருந்தன. அந்த இடுக்கு வழியாக அப்பால் இருந்த வானம் தெரிந்தது!

வழுக்குகிற நத்தையைப் பிடிக்கவும், பெரும்பாலும் ஓட்டை நொறுக்காமலே சதையை உருவி எடுக்கவும் ஏற்ற அலகாம் அது. பைனாகுலர் இல்லாமல் முதல் தடவையிலேயே அந்தக் குழந்தையின் கண்ணுக்கு அது பட்டிருக்கிறது. நான்தான் பசையைத் தடவி மூடினேன்.

கீழே பார்த்தேன். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி தப்புப் பண்ணிட்டேன்டி ராஜாத்தி. நீ செஞ்சதுதான் சரி."

"ம்" என்றாள். ஆனால் இந்த 'ம்' வேறு மாதிரி இருந்தது.

வனத்துறை ஊழியர் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டைக் காட்டினார். "அதோ குஞ்சு! அதுக்கு மூக்கு நேரா மூடியிருக்கும் பாரு. வளர வளரத்தான் அந்தச் சந்து வரும்."

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் நேரே அலமாரிக்குப் போனாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நாரையை எப்படியோ கண்டுபிடித்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குப்புறப் படுத்தாள். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வரக்கூடாது என்று பால் காய்ச்சினேன், காய்ந்த பாலையே மறுபடியும் காய்ச்சினேன்.

சாயங்காலம் கூப்பிட்டாள். முன்னதைவிடப் பெரிய நாரை ஒன்று நின்றது. நடுவில் பிளந்த மூக்கு. கால் ஒன்று வழக்கம் போலக் குட்டை. அதன் பக்கத்தில் என் நாரை.

"இது அம்மா. அது குஞ்சு பாட்டி. அதான் அதுக்கு மூக்கு மூடியிருக்கு" என்றாள்.

"இன்னொரு குஞ்சு நான் செய்யட்டுமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். பசைக் கிண்ணத்தை மட்டும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.