காவோலை விழாத பனை

சென்ற மார்கழி விடுமுறையில் எமது குடும்பத்தார் ஐவரும் போரேகோ ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவனச் சோலையூரில் மூன்று இரவுகள் கூடாரமடித்துத் தங்கினோம். சான்டியாகோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். 6 இலட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்த அன்சா-போரேகோ பாலைவனப் பூங்கா அவ்வூரைச் சூழ்ந்துள்ளது. பெயருக்குக் காரணமான காட்டுச் செம்மறிகள் அம்மலைகளில் இன்றும் வாழ்கின்றன. எம் கண்ணில் ஒன்றேனும் படவில்லை.

உண்மையில் நாம் சென்றது அம்மம்மாவின் பொருட்டே. ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அடுக்குமாடி வீட்டின் யன்னலருகே பேச்சின்றி அமர்ந்திருந்தார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏதேனும் கேட்பார்கள், அவர் தலையசைப்பார். தையில் திரும்பிப் போவதென்று முடிவும் செய்துவிட்டார்.

முதலிரவு காற்று கூடாரத்தை உலுக்கிற்று. மணலில் முளைகள் நிற்கவில்லை. நாம் கைவிளக்குடன் தடுமாற, அம்மம்மா ஒன்றும் பேசாது கற்களைப் பொறுக்கி வந்து முளைகளின் மேல் அடுக்கினார். பிறகே உறங்கினோம்.

மறுநாள் பனைப் பள்ளத்தாக்குக்கு ஒன்றரை மைல் கற்பாதையில் நடந்தோம். 74 வயதில் அவரால் இயலுமோ என அஞ்சினோம். மூத்த மகளின் கையைப் பற்றி நின்று நின்று நடந்தார். ஓடைக்கருகே மரங்கள் தென்பட்டதும், "பனையல்லோ!" என்றார்.

கலிபோர்னிய மண்ணுக்கே உரிய ஒரே பனையினமாகிய விசிறிப்பனை அது. அப்பகுதிப் பழங்குடியினர் அதன் சிறு பழங்களை உண்டனர், மாவாக இடித்தனர், ஓலையால் குடில் வேய்ந்தனர். இதை எடுத்துரைத்தபோது, "நாங்களும் அதைத்தானே செய்தனாங்கள்" என்றார். காய்ந்த ஓலைகள் உதிராமல் அடிமரத்தைப் பாவாடைபோல் மூடியிருப்பதைக் கண்டு நகைத்தார். "இந்த மரத்திலை காவோலை விழாது. பிறகு குருத்தோலை எப்படிச் சிரிக்கிறது?" காவோலை யாது, குருத்தோலை யாது என்று பிள்ளைகள் தமிழிலேயே கேட்கத் தொடங்கினர்.

சில மரங்கள் கரிந்திருந்தன. 2020இல் பரவிய தீயின் தழும்பு. எனினும் உச்சியில் பச்சோலை விரிந்திருந்தது. அம்மம்மா கரியைத் தொட்டுப் பார்த்தார். "எங்கடை வளவுப் பனையளுக்கு ஷெல் பட்டுத் தலை போட்டுது, குஞ்சு. தலை போனால் பனை பிழையாது. இதுக்குத் தலை தப்பீட்டுது." முப்பது ஆண்டுகளாக எம்மிடமே சொல்லாத அவ்வளவின் கதையை, பாறையொன்றில் அமர்ந்து பேத்திக்குச் சொன்னார். நாம் சற்றுத் தள்ளி நின்று கேட்டோம்.

இரவொளியைக் கட்டுப்படுத்தி வானத்தின் இருளைப் பேணும் ஊர் அது. 2009இல் அதற்கெனச் சர்வதேச அங்கீகாரமும் பெற்றது. அன்றிரவு கார்த்திகை மீன்கள் ஆறையும் அம்மம்மா விரலால் எண்ணிக் காட்டினார். சின்னவன் ஏழு என்று வாதிட்டான். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

புறப்படும் காலையில் மகளின் சட்டைப்பையில் பனங்கொட்டையொன்று இருந்தது. பூங்காவிலிருந்து எதையும் எடுத்தல் கூடாது. அழத் தொடங்கியவளை அம்மம்மா ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று, மணலில் அதைப் புதைப்பித்து, "வடலியாகட்டும்" என்றார். ஊர்ப் பயணத்தைச் சித்திரைக்குத் தள்ளலாமா என்று காரில் ஏறியபின் எம்மிடம் கேட்டார்.