தோட்டாவின் எடையா, வேகமா, ராஜபாளையம் நாயா?

ராஜபாளையம் என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது நாய்தான். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே போட்டது. இன்று பங்களா வாசலில் காவலுக்குக் கட்டிக் கிடந்தாலும், அந்தக் காலத்தில் அதை வளர்த்தது காட்டுப்பன்றி வேட்டைக்கு. பன்றியைக் கொல்வது நாயின் வேலை இல்லை. ஈட்டிக்காரன் வந்து சேரும்வரை அதை ஓடவிடாமல் சூழ்ந்து நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இதையே 'ஸ்டாப்பிங் பவர்' என்று சொல்லி, துப்பாக்கிக் குண்டுக்குள் தேடினார்கள். நூறு வருஷமாகச் சண்டை. கனமான குண்டு மெதுவாகப் போனால் நல்லதா, சின்னக் குண்டு வேகமாகப் போனால் நல்லதா?

ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கரிமருந்தை வைத்து வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. அதனால் எடையைக் கூட்டினார்கள். இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி யானைகளாகச் சுட்டுத் தள்ளிய சாமுவேல் பேக்கரிடம் 21 பவுண்டு எடையில், அதாவது ஒன்பதரை கிலோவில், ஒரு ரைஃபிள் இருந்தது. குண்டு மட்டும் 4 அவுன்ஸ். தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பதே பெரிய தண்டனை! 1890களில் புகையில்லா வெடிமருந்து வந்த பிறகுதான் வேகம் என்ற இன்னொரு வழி திறந்தது.

இப்போது கணக்கு. எடையை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் இரட்டிப்பாகும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்து ஃபார்முலாதான். யானைக்கென்றே வந்த .470 ரைஃபிளின் குண்டு 500 கிரெய்ன் (சுமார் 32 கிராம்), வேகம் வினாடிக்கு 2150 அடி. ஆற்றல் கிட்டத்தட்ட 7000 ஜூல். ஓசூர்ப் பக்கம் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன், 2200 அடி, 4300 ஜூலுக்குக் கொஞ்சம் மேல்.

7000 ஜூல் என்றதும் யானை அப்படியே பின்னால் தூக்கி எறியப்படும் என்று நினைத்தால், அது சினிமா. அதே குண்டின் உந்தத்தை நாலு டன் யானையின்மேல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு அரை சென்டிமீட்டர் நகரும். எறும்பு அதைவிட வேகமாகப் போகும். குண்டுக்குக் கிடைக்கிற அதே உந்தம்தான் சுடுகிறவன் தோளுக்கும் கிடைக்கிறது. யானையைத் தூக்கி எறியும் துப்பாக்கி, சுட்டவனை முதலில் தூக்கி எறிந்திருக்கும்.

அப்புறம் ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய ஜான் டெய்லர் ஒரு சூத்திரம் சொன்னார். எடை, வேகம், குண்டின் குறுக்களவு மூன்றையும் பெருக்கி 7000ஆல் வகுக்க வேண்டும். .470க்கு வருவது சுமார் 73. ஆண்டர்சனின் துப்பாக்கிக்குச் சுமார் 39. பார்க்க விஞ்ஞானம் மாதிரியே இருக்கிறது. ஆனால் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசிய கிரிக்கெட் பந்தை அதே சூத்திரத்தில் போட்டால் 120-ஐத் தாண்டுகிறது! வேகப்பந்து வீச்சாளர் யானை வேட்டைக்குப் போகலாம் போல. டெய்லரைக் கிண்டல் செய்வதற்காக இல்லை. ஒரே மாதிரியான துப்பாக்கிகளை ஒப்பிட அவர் போட்ட கணக்கு அது. அதைத் தாண்டி இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

இந்தச் சண்டையில் எல்லாரையும் குழப்பியவர் 'கரமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பகுதி, மான் சுடுகிற 7 மில்லிமீட்டர் ரைஃபிளில். குண்டு 173 கிரெய்ன், ஆற்றல் .470இல் பாதிகூட இல்லை. ரகசியம் இரண்டு. ஒன்று, அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். இரண்டு, அந்தக் குண்டு ஒல்லி, ஆனால் நீளம். குறுக்களவுக்குப் பின்னால் எவ்வளவு எடை நிற்கிறது என்று கணக்குப் போட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்: .306, .318. முகம் சின்னது, முதுகில் பாரம் உண்டு, வளையாத உறை. அதனால் எலும்பைத் துளைத்துப் போனது. ஆனால் குறி நாலு விரல் தவறினால் அந்த 7 மில்லிமீட்டர் கைகொடுக்காது. பெரிய குண்டு விற்றதே அந்தப் பயத்தில்தான்.

மிருகம் நிற்பது மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டால். மற்ற இடத்தில் பட்டால் ரத்தம் போய்த்தான் விழ வேண்டும். இதயத்தில் பட்ட மான்கூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிட்டு விழும். அந்த நேரத்தைக் குறைக்கத்தான் உள்ளே போய் விரிகிற மென்முனைக் குண்டு. கல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்த அந்த வகையை, 1899இல் ஹேக் மாநாடு போரில் தடை செய்தது. மனிதனுக்குக் கொடூரம் என்று தடை செய்ததையே மிருகத்துக்குக் கருணை என்று வேட்டையில் சிபாரிசு செய்கிறார்கள். யோசித்தால் இரண்டுமே சரிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இதெல்லாம் பழைய கதை. 1972 சட்டம் வேட்டையை மூடியது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். ஆனால் பன்றி மட்டும் தோப்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு ராத்திரியில் மக்காச்சோளக் காட்டை உழுதுவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். செண்பகத்தோப்புப் பக்கமோ அய்யனார் கோவில் பக்கமோ மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கில் துப்பாக்கியே வராது. 3 கி.மீ. தள்ளி வந்தாலோ சுற்றிலும் ஊர், ரோடு, ஆடு மேய்க்கிறவர்கள். துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும் குண்டு அங்கே ஆபத்து. விரிந்து உள்ளேயே நிற்கிற குண்டு வேண்டும், அதுவும் சரியான இடத்தில் பட வேண்டும். இல்லாவிட்டால் காயம்பட்ட பன்றி கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவருக்கு அது அங்கே படுத்திருப்பது தெரியாது. பிடித்து நிறுத்த நாயும் கிடையாது. நாயை ஏவி விரட்டுவதும் சட்டப்படி வேட்டைதான்.