ரத்தத்துல இருக்கா, தறியில இருக்கா?

ஆரணிக்கு ரயிலில் போகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருப்பது வாஸ்தவம். ஆனால், அது இருப்பது களம்பூரில்! இறங்கி, 'ரோடு வந்தாச்சு, ஆரணி எங்கேப்பா?' என்று விழித்து, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். அதற்குப் பேசாமல் சென்னையிலேயே பஸ் ஏறினால், காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போய்ச் சேரலாம்.

ஊருக்கு இரண்டு விஷயத்தில் பெயர். அரிசி, பட்டு. ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று வீட்டில் அமைதிக்கு. இரண்டில் எது குறைந்தாலும் குத்துச்சண்டைதான்! (இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

நான் போனது அக்கா பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. நெசவுத் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது சத்தம். 'டக்கு... டக்கு... டக்'. முன்னறையில் பாதி தறிக்கு, மீதி மனுஷருக்கு. குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, கயிற்றை இழுத்தால் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது. உடனே அச்சை இழுத்து ஒரு தட்டு. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்குகின்றன. பார்டரில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் அந்த ஓட்டைகளின் தயவு. கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஒரு வேலை. ஒரு புடவை இறங்க பத்து, பதினைந்து நாள் ஆகுமாம்.

புடவை காட்டிய பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல். அவருடைய பையன் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. அன்று லீவு. திண்ணையில் சாய்ந்து செல்போனில் 'சார்பட்டா பரம்பரை' பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையாவது தடவை என்று அவனுக்கே தெரியாதாம்.

"சார், குத்துச்சண்டை அந்த ராயபுரத்துக்காரங்க ரத்தத்துலயே ஊறினது, இல்ல? நமக்கெல்லாம் வராது" என்றான் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் தறிக்குழியிலிருந்து குரல் வந்தது. "ரத்தத்துல ஊறுமாடா? எத்தினி தலைமுறையா நெய்யற ரத்தம்தானே உன் ஒடம்புல ஓடுது. எங்க, வந்து குழியில உக்காந்து ஒரு சாண் நெய், பாக்கலாம்!"

நாக் அவுட்! பத்து எண்ணி முடித்தும் பையன் எழுந்திருக்கவில்லை.

பெரியவர் விடவில்லை. பக்கத்துத் தறியைக் காட்டினார். "இவங்க அப்பாரு ஏர் ஓட்டினவரு, தம்பி. இவன் பொடிப் பையனா எங்கிட்ட வந்தான். இன்னிக்கு இவன் கோர்வை போட்டா, உடலும் பார்டரும் எங்க சேருதுன்னு கண்ணுக்கே தெரியாது. ரத்தமா நெய்யுது? கால் பழகணும், கை பழகணும், திட்டறதுக்கு ஒருத்தன் பக்கத்துல இருக்கணும்."

யோசித்துப் பார்த்தால் ஆரணியே இதற்கு சாட்சி. நெசவு செய்யும் செங்குந்தர்களுக்குப் பழைய பெயர் கைக்கோளர். சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்று படைப்பிரிவுகளே வருகின்றன. செங்குந்தம் என்றால் சிவந்த ஈட்டி. ரத்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒலிம்பிக் மெடல் தொங்க வேண்டும். தொங்குவது பட்டு நூல்! நெசவாளர்களில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்களும் உண்டு. குஜராத் பக்கமிருந்து புறப்பட்ட வம்சம். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. மனுஷரும் வெளியூர், சரக்கும் வெளியூர். ஆரணியில் பிறந்தது வேலைப்பாடு மட்டும்தான்.

சரி, பையன் கேட்ட ராயபுரத்துக்கு வருவோம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று வடசென்னையில் பரம்பரைகள் நிஜமாகவே இருந்தன. பெயரைக் கேட்டால் ஜமீன் வாரிசு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே பரம்பரை என்றால் ஒரு வாத்தியாரிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டவர்களின் வரிசை. அவர்கள் ஆடியதோ 'ஆங்கிலக் குத்துச்சண்டை'. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதில் எந்த முப்பாட்டன் ரத்தம்? 2021-ல் வந்த பா. இரஞ்சித் படத்திலேயே பாருங்கள்: ரங்கன் வாத்தியார், பெற்ற பிள்ளை வெற்றி எதிரில் நிற்க, கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். வீட்டில் வெடித்த சண்டைக்குப் பாதிக் காரணம் அதுதானே!

குத்துச்சண்டை என்றாலே முகமது அலி. 1980-ல் மெட்ராஸுக்கே வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டவர். அலிக்கு ஒரு கொள்ளுத்தாத்தா, ஏப் கிரேடி என்று பெயர். அயர்லாந்தில் எனிஸ் என்ற ஊர்க்காரர். 2009-ல் அலி அங்கே போனபோது, 'எங்க ஊர்ப் பிள்ளை' என்று ஊரே திரண்டு கௌரவித்தது. ஆனால் அலியை ரிங்குக்குள் தள்ளியது ஐரிஷ் ரத்தமா, ஆப்பிரிக்க ரத்தமா? இரண்டும் இல்லை, ஒரு சைக்கிள் திருடன்! 1954-ல் லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுப் பையனின் சைக்கிள் களவு போனது. 'திருடனை உதைப்பேன்' என்று அழுதவனிடம், 'முதல்ல குத்தக் கத்துக்கோ' என்று சொன்னவர் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். அவர் அங்கேயே பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் எல்லா ஊரிலும் திருடு போகிறது, ஸார். பக்கத்தில் வாத்தியார் இருந்ததுதான் விசேஷம்.

அமெரிக்க ரிங்கின் கதையே இதுதான். முதலில் ஐரிஷ்காரர்கள், ஜான் எல். சல்லிவன் காலம். அப்புறம் யூதர்கள், 1917 முதல் 1925 வரை லைட்வெயிட் உலக சாம்பியன் பென்னி லியோனார்ட். பிறகு இத்தாலியர்கள். 49 சண்டை, 49 வெற்றி என்று 1956-ல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் அப்பா ஷூ தொழிற்சாலைத் தொழிலாளி. (இதைச் சொன்னதும் நம் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.) ஒவ்வொரு கூட்டமும் பிழைக்க வழியில்லாதபோது ரிங்குக்கு வந்தது. பிள்ளைகள் காலேஜ் போய் டாக்டர், வக்கீல் ஆனதும் ரிங்கை விட்டது. நடுவில் யாருக்கும் ரத்தம் மாறவில்லை. வருமானம்தான் மாறியது.

நம் நாட்டில்? ராணுவத்தில் குத்துச்சண்டை கற்ற ஹவா சிங் 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வாங்கினார். பிறகு பிவானியில் பையன்களைத் தயார் செய்தார். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கம் வாங்கிய விஜேந்தர் சிங் பிவானிக்காரர். இந்தக் கோடியில் ஹரியானா என்றால் அந்தக் கோடியில் மணிப்பூர். முகம் வேறு, பாஷை வேறு, சாப்பாடு வேறு. 1998-ல் டிங்கோ சிங் ஆசியத் தங்கம் வாங்கினார். அதைப் பார்த்துக் கிளம்பிய மேரி கோம் 2012-ல் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். சென்னையின் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ஆடி, 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கவில்லையா?

உயரம், கை நீளம் எல்லாம் அப்பா, அம்மா கொடுப்பதுதான், மறுக்கவில்லை. அதற்காகத்தானே எடைப் பிரிவு வைத்திருக்கிறார்கள்! மேரி கோம் அந்தப் பதக்கம் வாங்கியது 51 கிலோவில். நம் ஆபீஸ் கிளார்க்குகளில் பலருக்கு அந்த எடைக்கு வர, தொப்பையை மட்டும் இறக்கி வைத்தால் போதும்.

பெரியவரிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரத்தத்துல இருக்குதுன்னு சொல்றவன் எல்லாம் நம்மளப் புகழறான்னு நெனைக்காதீங்க தம்பி. 'உங்களுக்கு என்னாய்யா, கூடப் பொறந்த வித்தை'ன்னு சொல்லித்தான் கூலியக் கொறைக்கப் பாக்கறான். பொறந்ததுக்கு எவன் கூலி குடுப்பான்?"

எனக்குச் சுரீரென்றது. அதுதான் விஷயம். நெசவாளி ரத்தத்தில் இருக்கிறது என்றால் அவன் பழகின வருஷங்களுக்குக் கணக்கு இல்லை. ஹரியானாக்காரன் ரத்தத்தில் இருக்கிறது என்றால் நம் ஊரில் ரிங் கட்ட வேண்டியதில்லை, வாத்தியாருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. எல்லாருக்கும் செலவு மிச்சம்! ரத்தம் எங்கேயும் ஓடிப்போகாது. கற்றுத்தர ஆள் இல்லையென்றால் தறிச்சத்தம் ஒரே தலைமுறையில் நின்றுவிடும். ஆள் இருந்தால், மணிப்பூர் மாதிரி, ஒரே தலைமுறையில் பரம்பரை முளைத்துவிடும்.

ஆகவே இளைஞர்களே, 'நமக்கெல்லாம் அந்த உடம்புவாகு இல்லப்பா' என்று யாராவது சொன்னால், 'உங்க வாத்தியார் யாரு, அண்ணே?' என்று கேளுங்கள். நாலடி தள்ளி நின்று கேட்பது நல்லது.