மூடுவதற்கும் முதல் வேண்டும்

தம்பி, டவுன்லோடு கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வை. பேங்க்கில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு போகிறது என்று சொல். ஆப்பை மூடலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும், "இன்னும் மூணு மாசம் தாங்கும் சார்" என்பார்கள். அந்த மூன்று மாதத்தையும் ஓட்டித் தீர்த்துவிட்டால், பிறகு எதை வைத்து மூடுவது?

உட்கார்ந்து எழுது. வேலை செய்கிறவர்களின் கடைசிச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம். அவர்களிடம் பிடித்த பி.எஃப்., டி.டி.எஸ். அதில் ஒரு ரூபாய்கூட உன்னுடையதல்ல. அதைத் தொட்டுச் செலவு செய்வதை என்னால் மன்னிக்க முடியாது. ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மீதி மாதங்களின் தொகை. சர்வர் பில், வாடகை. ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்தால் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் எஸ்.டி.கே.-2 படிவத்துக்கு அரசுக் கட்டணம் மட்டுமே 10,000 ரூபாய். கடன் பாக்கி எல்லாவற்றையும் தீர்த்த பிறகுதான் அந்த விண்ணப்பமே போட முடியும். கூட்டிப் பார். பேங்க் இருப்பு அந்தத் தொகைக்கு இறங்கும் முன் முடிவெடுத்துவிடு.

கதவைப் பூட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர், ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-ல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள்.

யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும் அளவோடு வை. 2020-ல் பெங்களூரில் தொடங்கிய கூ, தமிழிலும் எழுத இடம் தந்த ஆப். பெரிய நிறுவனங்களோடு நடந்த பேச்சுகள் கைகூடாமல் 2024 ஜூலையில் மூடலை அறிவித்தது.

ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் 2012 டிசம்பரில் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை மூடியபோது கையில் பணம் மிச்சமிருந்தது. அதனால்தான் விளையாடியவர்களுக்குக் காசைத் திருப்பித் தர முடிந்தது; வேலை இழந்தவர்களுக்கு வேறு வேலை தேடித் தரவும் முடிந்தது. மீதி இருந்த சிலர், தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த கருவியை ஸ்லாக் என்று வெளியே கொண்டுவந்தார்கள். 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 2,700 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தத் தொகை உனக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. முதலீடு போட்டவர்களும் கூட வேலை செய்தவர்களும் மறுபடி அவரை நம்பி வந்தார்களே, அதைப் பார்.

இந்த வாரமே உன் ஆட்களைக் கூப்பிட்டு நேரில் சொல். வெளியில் யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரியக் கூடாது. வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் கட்டுகிற பிள்ளைகள். வேறு வேலை தேட அவர்களுக்கு நாள் வேண்டும்.