சாருக்கே தெரியாத பாடம்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எவ்வளவு நீளமான சமன்பாடானாலும் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சமன் செய்து சொல்வேன். சால்ட் அனாலிசிஸ் அன்று உப்பின் நிறத்தையும் வாசனையையும் வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுவேன். என்னிடம் படித்து சென்டம் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் ஒரு வேதிவினை ஏன் நடக்கிறது என்பது பணிக்காலத்தின் பெரும்பகுதி எனக்குத் தெரியாது. என்ன கிடைக்கும் என்று தெரியும், எத்தனை கிராம் கிடைக்கும் என்று தெரியும். ஏன் என்று கேட்டால் ஒப்பிக்க ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "ஆற்றல் குறைந்தால் நிலைத்தன்மை கூடும், அதனால் வினை தானாக நடக்கும்." அந்த வாக்கியம் தப்பு.

அதை அலங்கரிக்கக் கதை வேறு சொல்வேன். சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது, குளோரின் அதை வாங்கத் தவிக்கிறது என்பேன். வகுப்பு ரசிக்கும். சோடியம் எதற்கும் துடிப்பதில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349தான். அந்த இடத்திலேயே 147 நஷ்டம். நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிவரும் 787 கிலோஜூல்தான் நஷ்டத்தை அடைத்து மிச்சமும் காட்டுகிறது. அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், படிகக்கூடு ஆற்றல் என்று மூன்றையும் தனித்தனியாக நடத்தியிருக்கிறேன். ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்ததில்லை.

இது போகட்டும், கதைதானே என்று விட்டுவிடலாம். அடுத்ததை விட முடியாது. எரிபொருள் எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, பிணைப்புக்குள் அடைபட்ட ஆற்றல் பிணைப்பு உடையும்போது வெளியேறுகிறது என்று எழுத வைத்தேன். ஒரு வகுப்புத் தேர்வில் ஒரு மாணவி, பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் "பாடத்தைப் படி" என்று எழுதினேன்.

அவள் எழுதியதுதான் சரி. ஹைட்ரஜன் எரிந்து நீராவியாவதையே பார்க்கலாம். இரண்டு மோல் ஹைட்ரஜனை உடைக்க 872 கிலோஜூல், ஒரு மோல் ஆக்சிஜனை உடைக்க 498. ஆக 1370 கையை விட்டுப் போகிறது. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே நான்கு மோல் புதுப் பிணைப்புகள் உருவாகும்போது, மோலுக்கு 463 வீதம், 1852 வருகிறது. மிச்சம் 482. அந்த மிச்சம்தான் நமக்குச் சூடாகத் தெரிகிறது. உடைப்பது எப்போதும் செலவு. எந்தப் பிணைப்புக்கும் அதில் விலக்கு இல்லை. தாளை வாங்கிக்கொண்ட அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. சிவப்பு மையை எதிர்த்துப் பேசும் பிள்ளைகளாக நான் அவர்களை வளர்க்கவில்லை.

பிறகு பிராக்டிகல் வகுப்பு. அன்று கொடுத்த உப்பு அம்மோனியம் குளோரைடு. அதைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன் டெஸ்ட் டியூப்பை என் முன்னால் நீட்டினான்.

"சார், டியூப் ஜில்லுனு ஆயிடுச்சு சார்."

தொட்டுப் பார்த்தேன். ஆமாம்.

"வெப்பத்தை வெளிய விட்டாத்தானே தானா நடக்கும்னு சொன்னீங்க? இது உள்ள இழுக்குது. அப்புறம் எப்படி சார் தானா கரையுது?"

"அது கரைதல்டா. வேதிவினை இல்ல. போய் ரிக்கார்டை முடி."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். நான் சொன்னது பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். கரைதலோ வினையோ, வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு ஒன்று தானாக நடக்கிறது, கேள்வி அதுதான். பெயரை மாற்றிச் சொல்லிப் பையனை வாயடைத்தேன்.

என் வாக்கியத்துக்குப் பெரிய இடத்துப் பரம்பரை உண்டு. டென்மார்க்கின் யூலியஸ் தாம்சன் 1854இல் இதே கருத்தைச் சொன்னார். பின்னால் பிரான்சின் பெர்த்தலோ வினைக்கு உந்துவிசை வெளிவரும் வெப்பமே என்று அதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். அமெரிக்காவின் கிப்ஸ் 1876 முதல் 1878 வரை வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரையும், 1882இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியதும் அந்தக் கொள்கையின் குறையைத் தீர்த்துவைத்தன. பெரியவர்களே சறுக்கிய இடம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் தாம்சன் ஆயிரக்கணக்கான வினைகளின் வெப்பத்தை அளந்தவர். நான் கையில் வந்த ஒரே ஒரு குளிர்ந்த டியூப்பைத் திருப்பி அனுப்பியவன்.

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள், ஒரு விடுமுறையில், கணக்குப் போட உட்கார்ந்தேன். காளவாயில் சுண்ணாம்புக்கல் சுடுவதை எடுத்துக்கொண்டேன். அதைக் கரைதல் என்று சொல்லி நழுவ முடியாது. கால்சியம் கார்பனேட் சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. மோலுக்கு 178 கிலோஜூல் உறிஞ்சுகிறது. சூடு போடுகிறோம், அதனால் பிரிகிறது என்று சொல்லிவிட முடியுமா? 500 டிகிரி செல்சியஸில் நாள் முழுக்கச் சூடு போட்டாலும் கல் கல்லாகத்தான் இருக்கும்.

விடுபட்டது என்ட்ரோபி. ஒழுங்கின்மை என்று ஒரே சொல்லில் நான் முடித்துவிடும் பாடம். ஆற்றலும் துகள்களும் எத்தனை விதமாகப் பரவியிருக்க முடியும் என்பதன் அளவு அது. கல்லில் கட்டுண்டு கிடந்தது வாயுவாக விடுபடும்போது அந்த அளவு ஒரு மோலில் கெல்வினுக்கு 160 ஜூல் கூடுகிறது. இது வரவு. அதே நேரம் 178 கிலோஜூல் வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து போவதால் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி குறைகிறது. இது செலவு. எவ்வளவு குறையும் என்பது சுற்றுப்புறத்தின் வெப்பநிலையைப் பொறுத்தது. தினக்கூலிக்காரரிடம் நூறு ரூபாய் பிடுங்குவதும் வட்டிக்கடைக்காரரிடம் நூறு ரூபாய் பிடுங்குவதும் ஒன்றா? வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்கச் சொல்வது அதனால்தான். அறை வெப்பநிலையான 298 கெல்வினில் செலவு 597, வரவு 160, கல் அசையாது. 1200 கெல்வினில், அதாவது 927 டிகிரி செல்சியஸில், செலவு 148ஆக இறங்கிவிடுகிறது. வரவு அதே 160. கல் பிரிகிறது. இரண்டும் சமமாகும் இடம் இந்தக் கணக்குப்படி சுமார் 840 டிகிரி. 178, 160 என்ற எண்களே வெப்பநிலையோடு சற்று மாறும் என்பதால் நிஜத்தில் அது 900ஐ ஒட்டி வருகிறது.

சூட்டை வெளிவிடும் வினைகள் பெரும்பாலும் தானாக நடப்பதும் இதே கணக்கில்தான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் மோலுக்கு 65 கிலோஜூல் வெளிவந்து கொதிக்கிறதே, அந்த வெப்பம் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபியைக் கூட்டுகிறது. இரு பக்கத்தையும் சேர்த்து மொத்தம் ஏறினால் வினை நடக்கும். கிப்ஸின் கட்டிலா ஆற்றல் சமன்பாடு சொல்வதும் இதுவே. அதில் எண்ணைப் போட்டு விடை எடுக்கப் பிள்ளைகளை அவ்வளவு பழக்கியிருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று நானே கேட்டதில்லை.

வேகத்தையும் இதோடு போட்டுக் குழப்பியிருக்கிறேன். நடக்கும் என்பது வேறு, சீக்கிரம் நடக்கும் என்பது வேறு. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரு ஜாடியில் கலந்து வைத்தால், மேலே போட்ட கணக்கு எவ்வளவு சாதகமாக இருந்தாலும், ஒரு பொறி படும்வரை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். சூடேற்றினால் மோதல்கள் அதிகமாகும், அதனால் வேகம் கூடும் என்று நடத்தினேன். 300 கெல்வினிலிருந்து 310க்கு ஏற்றினால் மோதல்கள் 2 சதவீதம்கூட அதிகமாவதில்லை. ஆனால் கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூல் அளவில் உள்ள வினையின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அந்தத் தடையைத் தாண்டும் வலுவுள்ள மோதல்களின் பங்குதான் அப்படி ஏறுகிறது. அர்ரீனியஸ் 1889இல் சொன்னது இதைத்தான். சமன்பாட்டை டெரிவேஷனோடு எழுத வைத்து ஐந்து மார்க் போட்டவன் நான்.

இதுவரை சொன்னது அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு. இனிச் சொல்வதற்கு இல்லை.

அந்தக் கணக்கு முடிந்தபோது பையன் இன்னும் என் வகுப்பில்தான் இருந்தான். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அவனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. வகுப்புக்கும் சொல்லவில்லை. பழைய வாக்கியத்தையே திரும்பச் சொன்னேன், அடுத்து வந்த வகுப்புகளுக்கும் சொன்னேன். பப்ளிக் நெருங்குகிறது, குழம்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். குழம்பியிருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். "போன மாதம் நான் சொன்னது தப்பு" என்று பலகைக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். மாணவியின் தாளில் போட்ட கோடும் அப்படியே நின்றுவிட்டது. பாடத்தைத் திருத்தி நடத்தத் தொடங்கியபோது அவர்கள் இருவரும் பள்ளியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அதுவும் ஓசையில்லாமல்தான் செய்தேன். முன்பு வேறு மாதிரி நடத்தினேன் என்று யாருக்கும் தெரியாதபடி.

என் மாணவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். அந்த வாக்கியம் அவர்கள் வழியாக எத்தனை வகுப்பறைகளுக்குப் போயிருக்கும் என்று என்னால் கணக்கிட முடியாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்தப் பையனுக்கு நான் தர வேண்டிய பதில் இதுதான், தம்பி: உன் டியூப்பில் உப்பு கரைந்தபோது மோலுக்கு சுமார் 15 கிலோஜூல் வெப்பம் உள்ளே போனது, அதனால் சுற்றுப்புறம் இழந்த என்ட்ரோபி கெல்வினுக்கு 50 ஜூல். படிகம் அயனிகளாகப் பிரிந்து நீரில் பரவியதால் கிடைத்தது சுமார் 75. வரவு அதிகம், அதனால் ஜில்லென்று ஆகிக்கொண்டே கரைந்தது. கரைதலுக்கும் வேதிவினைக்கும் இதில் சட்டம் ஒன்றுதான். உன் கேள்வி சரியான கேள்வி.