சாம்பற் குகையில் ஒரு நண்பகல்

அரபி மொழியில் குகையைக் குறிக்க இரண்டு சொற்கள் பெருவழக்காக உள்ளன. ஒன்று ‘ஃகார்’; மற்றொன்று ‘கஹ்ஃபு’. மலையில் அமைந்த சிறு முழை ஃகார். அகன்று விரிந்தது கஹ்ஃபு என்று அகராதி ஆசிரியர்கள் வேறுபாடு காட்டுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனித்திருந்த ஹிராவும், ஹிஜ்ரத்தின்போது மறைந்திருந்த தவ்ரும் ஃகார்கள். இறைநம்பிக்கை காக்க ஊரை நீங்கிய இளைஞர்கள் தம் நாயுடன் நெடுந்துயில் கொண்ட இடமோ கஹ்ஃபு. இந்த வேறுபாட்டை முப்பது ஆண்டுகளாக மதரஸா மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்திருக்கிறோம். ஆயினும் ஒரு கஹ்ஃபின் உள்ளே நாம் நின்று பார்த்ததில்லை. மணல்மேடன்றி மலை காணாத கடற்கரை ஊரிலே பிறந்தவர்க்கு அவ்வாய்ப்பு எங்கிருந்து கிட்டும்?

கிட்டியது, 2024 அக்டோபரில், அமெரிக்காவிலே. நம் மகன் ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில் பணிபுரிகிறான். அவனைக் காண நாமும் நம் துணைவியாரும் சென்றிருந்தோம். ‘கஹ்ஃபு’ அத்தியாயத்திற்கு நாம் எழுதி முடித்திருந்த விளக்கவுரையின் மெய்ப்புத் தாள்களும் உடன் வந்திருந்தன. அத்தாள்களைப் பார்த்துவிட்டு மகன், “வாப்பா, குகையைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். ஒரு குகையைப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புங்களேன்” என்றான். விளையாட்டாகச் சொன்ன சொல்தான், ஆனால் தைத்தது.

கொலம்பஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது ஹாக்கிங் ஹில்ஸ் மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடிகளும் ஊஞ்சலும் நினைவிற்கு வரும். இதுவோ அடர்ந்த காடு. 1924இல் அரசு முதற்பகுதி நிலத்தை வாங்கிக் காக்கத் தொடங்கியது. அங்குள்ள மணற்பாறை சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த மணல். மேலடுக்கும் கீழடுக்கும் இறுகிப் போக, நடு அடுக்கு மட்டும் நெகிழ்வாகவே நின்றுவிட்டது. நீரும் உறைபனியும் அந்த நடு அடுக்கை மணல் மணலாகக் கரைத்தன. இன்று நாம் காணும் குகைகள் அவ்வாறு குடைந்து உண்டானவை. வலிய கூரையும் வலிய தரையும் நின்று, இடையிலிருந்த மெலியது விலகிக்கொண்டதால் மனிதர்க்கு ஒதுங்க இடம் கிடைத்தது.

பூங்காவின் முதன்மையான குகைகள் இரண்டு. ‘கிழவர் குகை’ ஒன்று. ‘சாம்பற் குகை’ மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதற்கு, இடையே ஓர் அருவியைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 6 மைல் காட்டுப் பாதை. மூட்டுவலியால் துணைவியாருக்கு அவ்வளவு தொலைவு நடக்க இயலாது. சாம்பற் குகைக்கோ, கார்கள் நிற்குமிடத்திலிருந்து கால் மைலில் தளமிட்ட வழி இருக்கிறது. சக்கர நாற்காலியும் செல்லும். “நீங்கள் நடந்து வாருங்கள். நானும் மருமகளும் சோற்றை எடுத்துக்கொண்டு நேரே அங்கு வந்துவிடுகிறோம்” என்றார். அப்படியே முடிவாயிற்று.

நாம் நடந்த பாதைக்கு ஒரு பாட்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். எம்மா கேட்வுட் என்பது அவர் பெயர். தெற்கு ஒஹாயோவில் 1887இல் பிறந்தவர். பதினொரு மக்களைப் பெற்று வளர்த்தவர். 1955இல், தம் 67ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைவழி முழுவதையும், இரண்டாயிரம் மைலுக்கும் மேலான தொலைவைத் தன்னந்தனியே நடந்து முடித்தார். அவ்வாறு ஒரே பருவத்தில் தனித்து நடந்த முதற்பெண் அவரே. காலில் துணிச்செருப்பு, தோளில் தாமே தைத்த ஒரு பை. ஹாக்கிங் காடு அவருக்கு மிகவும் உவந்த இடம் என்று மகன் சொல்லிக்கொண்டே வந்தான். பதினொரு பிள்ளைகளுக்குச் சமைத்த கை அது என்ற எண்ணம் அப்போது நமக்குத் தோன்றவில்லை. அவர் நடையே பெரிதாகத் தோன்றியது.

கிழவர் குகையில் சற்று அமர்ந்தோம். ரிச்சர்டு ரோ என்னும் தனியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குகையைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். வேட்டை நாய்களே அவருக்குத் துணை. இங்கேயே அடக்கமும் ஆனார் என்பர். அவர் கதை நம்மைக் கவர்ந்தது. ஓதுவதும் எழுதுவதுமே வாழ்வாகக் கொண்டவர்க்குத் தனிமைமேல் தீராத காதல் உண்டு. நம் ஊரில் மாடியறையொன்று நமக்கு ஃகாராக இருந்து வருகிறது. எழுதும் மாதங்களில் கதவு சாத்தியே கிடக்கும். வேளைதோறும் தட்டு மட்டும் வாசலுக்கு வரும். ‘இக்கிழவர் நம் இனத்தவர்’ என்று மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டோம்.

மேலும் நடந்தோம். ஓக்கும் மேப்பிளும் பொன்னும் செம்மையுமாய் இலை உதிர்த்துக்கொண்டிருக்க, பள்ளத்தாக்குகளில் மட்டும் ஹெம்லாக் மரங்கள் கரும்பச்சையாய் நின்றன. பனியுகத்தின் குளிரில் இங்கே பரவிய இனம். பனி பின்வாங்கிய பிறகும் இக்குளிர்ந்த பள்ளங்களில் தங்கிவிட்டது. வழியில் உள்ள அருவிக்குத் ‘தேவதாரு அருவி’ என்று பெயர். அங்கே தேவதாரு இல்லை. முதலில் குடியேறிய வெள்ளையர் ஹெம்லாக்கைத் தேவதாரு என்று மயங்கி இட்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பெயரிடுவோர் பிழை செய்தாலும் மரம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நண்பகலில் சாம்பற் குகையை அடைந்தோம். அதுவே கஹ்ஃபு! லாட வடிவில் வளைந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 700 அடி. உள்ளே 100 அடி ஆழம். கூரையின் விளிம்பு 90 அடி உயரம். நம் ஊர் ஜும்ஆப் பள்ளியை உள்ளே வைத்தாலும் மீதி இடம் கிடக்கும். அவ்வாண்டு அப்பகுதியில் கடும் வறட்சி. விளிம்பிலிருந்து வீழும் அருவி நூலாகச் சுருங்கியிருந்தது. குகை வாயிலில் பெரும்பாறை ஒன்று சரிந்து கிடக்கிறது. ஊரில் தேவாலயம் எழுமுன் இங்கேதான் வழிபாட்டுக் கூட்டங்கள் நடந்தன. அதனால் அதற்குப் ‘பிரசங்கப் பாறை’ என்று பெயர். நம் கண் உடனே அந்த மிம்பரைத்தான் தேடிற்று.

துணைவியார் அதற்கு முன்பே வந்து மணலோரத்தில் அமர்ந்திருந்தார். பெயர்க் காரணத்தை மகன் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளையர் முதலில் வந்தபோது இங்கே சாம்பல் மலை மலையாகக் கிடந்தது. பெரிய குவியலின் அளவு 100 அடி நீளம், 30 அடி அகலம், 3 அடி உயரம் என்று பதிந்திருக்கிறார்கள். வெள்ளி உருக்கினார்கள் என்றார் சிலர். வெடியுப்புக் காய்ச்சினார்கள் என்றார் வேறு சிலர். பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகள் மூட்டிய அடுப்புகளின் சாம்பலே அது என்பதே பெரும்பாலோர் கருத்து.

துணைவியார் முழுவதும் கேட்டார். பிறகு, “இதில் ஆராய்ச்சி என்ன இருக்கிறது? இவ்வளவு சாம்பல் என்றால் எத்தனை பேருக்கு, எத்தனை தலைமுறைக்கு ஆக்கிப் போட்டிருப்பார்கள்! அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?” என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சியும் அவர் பக்கமே நின்றது. 1870களில் ஆண்ட்ரூஸ் என்னும் நிலவியலாளர் இச்சாம்பலை அகழ்ந்தார். எலும்பும் பானையோடும் மட்டுமன்றி, சேமித்து வைத்த சிறு விதைகளின் குவியலும் கிடைத்தது. நம் நாட்டுச் சக்கரவர்த்திக் கீரையின் இனம் அது. நூறாண்டுக்கும் மேலாக அருங்காட்சியகத்தில் கிடந்த அவ்விதைகளை புரூஸ் ஸ்மித் என்னும் அறிஞர் மீண்டும் ஆராய்ந்து 1985இல் முடிவை வெளியிட்டார். காட்டு விதைக்குத் தோல் தடிப்பு. இவற்றுக்கோ மெல்லிய தோல். அப்படியானால் இவை தாமே முளைத்தவை அல்ல. ஆண்டுதோறும் ஒரு பங்கை உண்ணாமல் எடுத்து வைத்து, விதைத்துப் பேணியவை. 1500 ஆண்டுகளுக்கும் முந்திய ஹோப்வெல் காலத்து மக்களின் பயிர் அது. அம்மக்கள் எழுப்பிய மாபெரும் மண்மேடுகளை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. மேடுகளுக்குச் சிறப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்கென்று ஒரு பிடி விதை எடுத்து வைத்த கையை யார் அறிவார்? இந்நிலத்தில் பின்னாளில் வாழ்ந்த பழங்குடியினரும் 1830ஆம் ஆண்டின் அகற்றல் சட்டத்திற்குப் பின் மேற்கே துரத்தப்பட்டனர். வயண்டாட் மக்கள் 1843இல் கடைசியாக வெளியேறினர்.

நம் மெய்ப்புத் தாள்கள் நினைவில் எழுந்தன. குகைவாசிகள் எத்தனை பேர், எத்தனை ஆண்டு உறங்கினர் என்பதற்குப் பல பக்கங்கள் எழுதியிருந்தோம். அவ்வெண்ணிக்கையை இறைவனே நன்கறிவான் என்று திருமறையே முடித்துவிட்டபோதும் நாம் முடிக்கவில்லை. கண் விழித்ததும் அவர்கள் செய்ததென்ன? வெள்ளிக்காசு கொடுத்து ஒருவரை நகருக்கு அனுப்பித் தூய உணவு தேடச் சொன்னார்கள். அதற்கு நாம் ஒதுக்கியது இரண்டே வரி. ஹிராவில் தனித்திருந்த நாட்களில் உணவு தீர்ந்தால் நாயகம் (ஸல்) திரும்பி வந்தது கதீஜா நாயகியாரிடம். ஹிஜ்ரத்தின் கட்டுச்சோற்றுக்காகத் தம் கச்சையை இரண்டாகக் கிழித்தவர் அஸ்மா நாயகியார். இவற்றை ஓதிக் கொடுத்தவர் நாமே. மாடியறை வாசலில் வந்து வைத்த தட்டை நிமிர்ந்து பாராதவரும் நாமே.

இக்குகையின் இரு குறிப்பிட்ட இடங்களில் இருவர் நின்றால், ஒருவர் கிசுகிசுப்பது பாறை வழியே மற்றவர்க்குக் கேட்கும். மகன் தாயை ஒருபுறமும் நம்மை மறுபுறமும் நிறுத்தினான். முகம் பாராத துணிவில், இத்தனை ஆண்டுகளில் சொல்லியிராத ஒன்றை மெல்லச் சொன்னோம். அது பாறைக்கும் எமக்கும் இடையே இருக்கட்டும். சற்று நேரம் ஓசையில்லை. பிறகு தெளிவாக வந்தது மறுமொழி: “சோறு ஆறிப்போகிறது, வாருங்கள்.”

சாலையோர மேசையில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் உண்டோம். பின்னர் லுஹருக்கு நின்றோம். ஊரில் மேற்கு நோக்கியே பழகிய நமக்கு அங்கே கிப்லா வடகிழக்கு. திசை மாறினாலும் நோக்குமிடம் ஒன்றே.

கொலம்பஸ் திரும்பிய இரவே மெய்ப்பைத் திருத்தினோம். எண்ணிக்கை வாதத்தில் ஆறு பக்கம் குறைந்தது. உணவு தேடிச் சென்றவரைப் பற்றிய பகுதி வளர்ந்தது. நன்றியுரையில் ஆசிரியப் பெருமக்கள் பெயர் இருந்தது; புரவலர் பெயர் இருந்தது; எழுத்துக் கோத்தவர் பெயர்கூட இருந்தது. விடுபட்டிருந்த ஒரு பெயரை அவற்றுக்கெல்லாம் மேலே எழுதினோம். மறுநாட்காலை தாளைப் பார்த்த துணைவியார், “இது எதற்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்று நாமும் பின்னாலேயே போனோம்.